வயர் போகும் வழி

சென்னையில் காரில் எதையாவது மாட்ட வேண்டும், கழற்ற வேண்டும் என்றால் ஜி.பி. ரோடுதான். ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று முழுப்பெயர் சொன்னால் ஆட்டோக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் இந்தத் தெருவில் கடைக்குள் நடப்பது வியாபாரம் மட்டும். வேலை நடப்பது வெளியே, சாலையோரம் கதவைத் திறந்துபோட்ட வண்டிகளுக்குள். மயிலாப்பூர் நண்பர் ஒருவர் தன் மகிந்திரா தாருக்கு ரிவர்ஸ் கேமரா மாட்டப் புறப்பட்டபோது நானும் தொற்றிக்கொண்டேன்.

தார் மலையேறும் வண்டி. மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் அதற்கு வேலையே இல்லை என்று நண்பரிடம் பலமுறை சொல்லியாயிற்று. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த அந்தத் தாரின் பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிறது. உள்கண்ணாடியில் பார்த்தால் பாதிக்கு டயர்தான் தெரியும். கேமரா கிடையாது. இதில் ஒரு வேடிக்கை: அந்த வண்டியின் பொறியியல் வேலை பெரும்பாலும் நடந்தது செங்கல்பட்டுக்கு அருகே, மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆராய்ச்சி மையத்தில். அங்கே விட்டதை இங்கே ராயப்பேட்டையில் நிரப்புகிறார்கள்.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதிய கார்களுக்குப் பின் சென்சார் கட்டாயம். அது ‘பீப்’ என்று கத்தும், அவ்வளவுதான். பின்னால் இருப்பது சுவரா, பூக்கூடையா, ஆளா என்று சொல்லாது. பஸ் கண்டக்டரின் ‘ரைட்டு, ரைட்டு, ஹோல்டான்’ அதைவிட எவ்வளவோ மேல்.

வேலைக்கு வந்தவர் ஐம்பதை ஒட்டியவர். உடன் ஓர் இளைஞன், எதற்கும் ‘ண்ணா’ போட்டுப் பேசுகிறவன். நண்பர் முதலில் கேட்டது, ‘படம் கிளியரா வருமா?’

‘படம் எல்லாம் வரும் சார். வயர் எப்படிப் போவுதுன்னு கேளுங்க.’

அன்று நான் பார்த்ததெல்லாம் இந்தப் பதிலின் விரிவுரைதான். கேமரா கட்டைவிரல் அளவு. அதை ஸ்டெப்னியின் நடுத்துளையில் ஒரு இரும்புப் பட்டை வைத்து உட்கார வைப்பது சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு அதன் வயர் பின்கதவுக்குள் நுழைந்து, கதவுக்கும் உடம்புக்கும் இடையே ரப்பர் குழாய் வழியாகத் தாண்டி, கதவுப்படியின் பிளாஸ்டிக் டிரிமுக்கு அடியில் ஓடி, டேஷ்போர்டில் ஸ்டீரியோவின் முதுகுக்குப் போய்ச் சேர வேண்டும். சாதாரணக் காரில் கூரைத் துணிக்குள் ஒளித்துவிடலாம். துணிக்கூரைத் தாரில் கூரையையே மடக்குவார்கள் என்பதால் தரையை விட்டால் வழியில்லை.

ரப்பர் குழாயில்தான் அதிக நேரம் போனது. கெட்டிக் கம்பி ஒன்றை முதலில் விட்டு, அதன் முனையில் வயரைக் கட்டி, இளைஞன் அந்தப் பக்கம் இழுக்க, மூத்தவர் இந்தப் பக்கம் தள்ளினார். கதவை முழுக்கத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். இந்தக் கதவு பக்கவாட்டில் திறக்கிறது, டயரின் கனத்தோடு. விட்ட வயர் இறுக்கமாக இருந்தால் சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும்; தொளதொளவென்றால் கதவில் சிக்கும். எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு அவர் டேப் வைத்து அளக்கவில்லை, விரலால் தட்டிப் பார்த்தார்.

ரிவர்ஸ் கியர் போட்டால்தான் கேமரா விழிக்க வேண்டும். அதற்கு ரிவர்ஸ் லைட்டின் 12 வோல்ட்டைத் தொட வேண்டும். டெஸ்ட் லாம்ப்பால் எது மெயின், எது எர்த் என்று பார்த்தார். கம்பெனி வயரை வெட்டினால் வாரண்டி தகராறு வரும் என்பதால் கப்ளரோடு கப்ளர் சேர்த்து, தன் பக்கத்து இணைப்புகளை மட்டும் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டுச் சூடேற்றி இறுக்கினார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை அவர் தொடவேயில்லை. ‘நம்ம ஊரு வெயில்ல பசை உருகி வழிஞ்சிடும் சார். அப்புறம் பீச் பக்கம் வண்டி, உப்புக் காத்து வேற.’ சாந்தோம், அடையாறு வண்டிகளில் செம்பு பச்சைக் களிம்பு பிடித்துக் கிடப்பதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். எர்த் மோசமானால் படத்தில் கோடுகள் ஓடும்; ஆட்கள் கேமராவைக் குறை சொல்லிப் புதிது வாங்குவார்கள்.

திரையில் படம் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளும் வந்தன. மூத்தவர் வண்டிக்குப் பின்னால் தரையில் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார். கோடு காட்டிய தூரமும் நேரில் பாட்டில் இருந்த தூரமும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கோடுகள் தாழ்வான கார்களுக்கென்று கேமராவுக்குள்ளேயே போட்டு அனுப்பப்படுபவை. ஸ்டெப்னி உயரத்தில் அவை பொய் சொல்லும். கேமரா வயரில் தொங்கிய சிறு வளையம் ஒன்றை வெட்டினார், கோடுகள் மறைந்தன. பக்கத்திலிருந்த இன்னொரு வளையத்தைத் தொடவில்லை. அதை வெட்டினால் இடம் வலமாகும். முன்பக்கம் கேமரா வைப்பவர்களுக்குத்தான் அது. பிறகு லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, டயரின் கீழ்விளிம்பு படத்தின் அடியில் ஒரு கீற்றாகத் தெரியும்படி நிறுத்தினார். நம் வண்டி எங்கே முடிகிறது என்று தெரிந்தால்தான் மற்றதன் தூரம் பிடிபடும்.

கடைசியாக, ரிவர்ஸ் போட்டு ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணினார். அமெரிக்கச் சட்டம் கேட்பதும் அந்த இரண்டு நொடிதான். 2002-ல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், எஸ்யூவியை வீட்டு வாசலில் பின்னால் எடுத்த குழந்தை மருத்துவர் ஒருவருக்குப் பின்னால் நின்ற தன் இரண்டு வயது மகன் கேமரன் தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரில் 2008-ல் சட்டம் வந்தது. 2018 மே முதல் அங்கே புதிய கார்கள் அனைத்துக்கும் பின்கேமரா கட்டாயம். கருவி அதற்கு வெகு முன்பே இருந்தது: 1991-லேயே ஜப்பானில் டொயோட்டா சோரர் காரில் வைத்துவிட்டார்கள். நாம் இன்னும் சென்சாரோடு நிற்கிறோம்.

கேமராவும் கட்டாயமானால் இந்தத் தெருவுக்கு நல்லதில்லை. சென்சார் மாட்டும் வேலை 2019-க்குப் பிறகு பழைய வண்டிகளோடு சுருங்கிவிட்டது. 2025-ல் புதுப்பித்த தாரில் கேமராவையும் கம்பெனியே வைத்துவிட்டது. மூத்தவரிடம் கேட்டேன். ‘பழைய வண்டி ரோட்ல ஓடற வரைக்கும் ஓடும்’ என்று கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டார்.

பில் வந்தது. கேமராவின் விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்த நண்பர், கூலியில் மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். மூத்தவர் சிரித்தார்.

‘குறைச்சிக்கலாம் சார். அந்த ஸ்லீவை எல்லாம் பிரிச்சிட்டு டேப் சுத்திடவா?’

நண்பர், அவர் கேட்ட கூலியைக் கொடுத்தார்.