புதுச் சீவாளிக்கு அவசரம் ஆகாது

நாகஸ்வரத்தில் ஆயுள் குறைந்த உறுப்பு, வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. ஆச்சா மரத்தில் கடைந்த குழலான உலவும், கீழே விரியும் அணசும் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும். சீவாளி ஒரு கல்யாண சீசனைத் தாண்டினாலே பெரிது. ஆனால் நாதம் பிறப்பது அந்த நாணல் துண்டில்தான். அது ஒத்துவராத நாளில் எந்தப் பெரிய வாத்தியத்தைக் கையில் பிடித்தும் பயனில்லை.

திண்டுக்கல்லில் வாசிக்கிற எங்களுக்குச் சீவாளி காவிரிக்கரையிலிருந்து வருகிறது. திருவாவடுதுறைப் பக்கம் ஆற்றோர நாணலை வெட்டி, நாள்படக் காயவைத்து, பதப்படுத்தி, ஒரு முனையைத் தட்டையாக்கி, மறுமுனையை நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபின் அந்த ஊரைப் பலருக்கும் தெரியும். சீவாளி கட்டுகிறவரை வாசிக்கிறவர்கள் மட்டும்தான் தேடிப் போகிறோம்.

டெல்டாவின் ஈரக்காற்றில் உருவான பொருள், சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைக்கும் நடுவே காய்ந்து கிடக்கிற எங்கள் சமவெளிக்கு வந்ததும் வேறு குணம் காட்டும். சித்திரை வெயிலில் தவில் தனி முடிகிறவரை வாயிலிருந்து எடுத்து வைத்திருந்தால் போதும், நுனி காய்ந்து விறைத்துவிடும். ஆடியில் ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் போனால் மேல்காற்று அதே வேலையைச் செய்யும். மார்கழி விடியலில் நேர்மாறு: குளிரில் சுருதி இறங்கி நிற்கும், ஊத ஊதத்தான் குழல் சூடேறி மேலே வரும். அதனால் புதுச் சீவாளியை எந்த மாதத்தில் பழக்குகிறோம் என்பதும் ஒரு கணக்கு.

வாயில் வைத்து எச்சிலில் ஊறவைப்பது முதல் வேலை. ஊறாத சீவாளியை ஊதி அதன் குணத்தைச் சொல்ல முடியாது. அடுத்து, உலவின் தலையில் இருக்கும் உலோகக் குழாயான கெண்டையில் பொருத்துவது. நூல் சுற்றைக் கூட்டியோ குறைத்தோ அது எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று பார்க்கிறோம். ஆழமாக இறங்கினால் சுருதி ஏறும், மேலே நின்றால் இறங்கும். கீழே விரல் படாத துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைத் திருத்தலாம். ஆனால் அது வாத்தியத்துக்கான திருத்தம். சீவாளியின் குறையை மெழுகு தீர்க்காது.

பிறகு நீண்ட சுரங்கள் மட்டும். கீழ் சட்ஜம், பஞ்சமம், மத்திய சட்ஜம். ராகம் வேண்டாம், பிருகா வேண்டவே வேண்டாம். கீழ்ச்சுரம் உடைந்து கரகரத்தால் சீவாளியின் இதழ்கள் தடிமன் என்று பொருள். மேல் பஞ்சமம் எட்டாமல் நசுங்கினால் மிருது அதிகம். சீவாளியின் வாய் விரிந்திருந்தால் மூச்சு வீணாகும், மூடியிருந்தால் சத்தம் மூக்கடைத்தாற்போல் வரும். வாய்த் திறப்பைச் சரிசெய்யத்தான் வாத்தியத்தோடு ஊசி தொங்குகிறது. தடிமனைக் குறைக்கக் கத்தி இருக்கிறது.

இங்கேதான் பொறுமை வேண்டும். சுரண்டி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. முதல் நாள் தடித்துத் தெரிகிற சீவாளி, ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து தானாகவே இளகும். முதல் நாளே சீவினால், இளகி முடிகிறபோது அது மெலிந்து குரலற்றுப் போயிருக்கும். இன்னொன்று, பாதிக் குறை நம் உதட்டில் இருக்கிறது. பழைய சீவாளிக்குப் பழகிய உதடு, புதியதையும் அதே அழுத்தத்தில் கவ்வுகிறது. நாகஸ்வரத்தில் சாவி கிடையாது. ஏழு விரல்துளைகளை வைத்துக்கொண்டு அரைத்துளையாலும் மூச்சாலும் உதட்டாலும்தான் சுரத்தின் இடத்தைப் பிடிக்கிறோம். அதனால் சீவாளி மாறினால் சுத்த மத்தியமத்தை உதடு புதிதாகத் தேடியாக வேண்டும். கத்தியை எடுக்குமுன் உதட்டை மாற்றிப் பார்ப்பது என் வழக்கம்.

ஊர்வலத்தில் எங்களுக்கு முன்னால் போகிற பேண்டு செட்காரர்களைப் பார்க்கிறேன். டிரம்பெட்டோ யூபோனியமோ, ஊதுவாய் உலோகம். புதிது மாட்டினால் அது இளகாது, உதடுதான் முழுக்க இணங்க வேண்டும். ஆனால் இணங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அதே ஊதுவாய். எங்களுக்கு இரண்டு பக்கமும் நகர்கிறது: சீவாளி இளகுகிறது, உதடு இறுகுகிறது. நடுவில் சந்திக்கிற சில வாரங்கள்தான் நல்ல வாசிப்பு. அதன்பின் அது தேயத் தொடங்கும்.

இப்படி உதட்டை மாற்றிக்கொள்வது ஒருவருடைய பாடு மட்டும் இல்லை. குட்டையான திமிரி நாகஸ்வரத்திலிருந்து நீளமான பாரி நாகஸ்வரத்துக்கு வாசிப்பு நகர்ந்தபோது சுருதி இறங்கியது, சீவாளி பெரிதானது. நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியில் தோடி வாசித்து அந்தக் கனத்த நாதத்தை நிலைநாட்டிய பிறகு, ஒரு தலைமுறையே உதட்டையும் மூச்சையும் திருத்திக்கொண்டது.

எந்தச் சீவாளியை எங்கே எடுப்பது என்பது கடைசிப் பாடம். சுவாமி புறப்பாட்டில் மல்லாரிக்கு, திறந்த வெளியில் தவிலோடு மோத, கொஞ்சம் கெட்டியான சீவாளி வேண்டும். மண்டபத்தில் மைக் முன்னால் அதே சீவாளி காதைக் குத்தும். புதியதை நான் முதலில் மாப்பிள்ளை அழைப்புக்கு எடுப்பேன். நடந்துகொண்டே வாசிக்கையில் ஒரு சுரம் பிசகினால் வெடிச்சத்தத்தில் போய்விடும். தவில்காரருக்கு மட்டும் தப்பாது. “என்னண்ணே, புதுசா?” என்று கண்ணாலேயே கேட்பார்.

முகூர்த்தத்துக்கு அதை எடுக்க மாட்டேன். கெட்டிமேளத்துக்குக் கை அசைந்த அந்த நொடியில் முழுச் சத்தம் வந்தாக வேண்டும், இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதற்குப் பழகிய சீவாளி. ஆகவே பையில் எப்போதும் மூன்று வயதில் சீவாளி இருக்க வேண்டும்: ஊறத் தொடங்கியது ஒன்று, பதத்தில் ஒன்று, போகிற நிலையில் ஒன்று. பதத்தில் இருப்பதை நம்பி மற்றதை மறந்தவர், அது விரிசல் விடுகிற நாளில் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். நல்ல சீவாளி கையில் இருக்கும்போதே அடுத்ததைப் பழக்கத் தொடங்குவதுதான் இந்தத் தொழிலில் சிக்கனம்.