தாமல் டு உத்திரமேரூர்: குட்டித் தலைவர்கள் நடக்கும் பாதை!

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்கள், காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் வரும் தாமலை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். இறங்கி நடந்தால் அரை நாள் போவதே தெரியாது. வராகீஸ்வரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில், நல்ல மழைக்காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீராகக் கிடக்கும் ஏரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் தாமல் ஏரியும் ஒன்று.

காலை நேரத்தில் இந்தப் பக்கத்து ஊர்களில் சீருடைப் பிள்ளைகள் கூட்டமாகப் பள்ளிக்கு நடப்பார்கள். அதில் சிலருக்கு மட்டும் நடையில் அவசரம் இருக்கும். காலை வழிபாட்டில் திருக்குறள் சொல்ல வேண்டியவர், செய்தி வாசிக்க வேண்டியவர், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை வந்தவர். சின்னப் பொறுப்புகள்தான். ஆனால், காஞ்சிபுரம் வட்டாரத்தில் ‘உதவி செய்யும் பிள்ளை’ என்ற சொல்லுக்கு வேறொரு பழைய அர்த்தமும் உண்டு.

தறிக்குப் பக்கத்தில் ஓர் இடம்

காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். நெய்பவர் ஒருவரால் இதைச் சமாளிக்க முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். நீண்ட காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் சிறுவர், சிறுமியர்.

பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளைகள் தறியில் முடங்கிக் கிடந்த நிலையை, 2003-ல் வெளியான ‘ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பின் அறிக்கை காஞ்சிபுரத்தையும் சேர்த்தே பதிவுசெய்தது. அதன் பிறகு நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. இருந்தாலும், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரம் போக குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ‘உதவலாம்’ என்கிறது. அந்த உதவி எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்பதை வீட்டுக்குள் போய் யாரும் அளந்து பார்ப்பதில்லை. அதனால்தான், பிள்ளையைப் பள்ளிக்கு விரும்பி வரவைக்கும் ஒவ்வொரு விஷயத்துக்கும் இங்கே கூடுதல் மதிப்பு.

மன்றங்கள் தரும் பெயர்

அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக, 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது வானவில் மன்றம். அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்த்துக் கற்பதுதான் அதன் நோக்கம். இலக்கிய மன்றம், வினாடி வினா, சிறார் திரைப்படம், ஜூனியர் ரெட் கிராஸ், மரம் நடும் தேசிய பசுமைப் படை எனப் பட்டியல் நீள்கிறது. 2024-25 கல்வியாண்டில் ‘மகிழ் முற்றம்’ சேர்ந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்து, மாணவர்களிலிருந்தே தலைவர்களை அமர்த்தும் திட்டம் அது.

கணக்கில் பின்தங்கிய பிள்ளை தோட்டத்தில் முன்னே நிற்கலாம். ‘மருதம் லீடர் வரலையா?’ என்று ஒருநாள் வகுப்பு தேடினால், மறுநாள் அந்தப் பிள்ளை லீவு போட யோசிக்கும்.

பானைக்குள் கைவிட்ட சிறுவன்

பொறுப்பைப் பங்குபோடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தாமலிலிருந்து காஞ்சிபுரம் வந்து, அங்கிருந்து சுமார் 30 கி.மீ. பயணித்தால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இங்கே இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சபை நடுவே, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம்... இன்றைய பள்ளி மன்றங்களுக்கு மூத்த அண்ணன்கள் போலத்தான் இருக்கின்றன.

அந்த முறையில் குறையும் இருந்தது. சொந்த நிலம், வேதக் கல்வி போன்ற தகுதிகள் இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். ஓலையை எடுத்த சிறுவனுக்கு வேலை அத்தோடு முடிந்தது. இன்றைய பள்ளியிலோ நெசவாளி வீட்டுப் பெண்ணின் பெயரும் குடத்துக்குள் இருக்கிறது.

ஆனால், கல்வெட்டின் இரண்டு விதிகளைப் பள்ளிகள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாரியத்தில் இருந்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் திரும்ப வர முடியாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமே கிடையாது. முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையே வகுப்புத் தலைவராகவும் மன்றச் செயலாளராகவும் ஆண்டுவிழா தொகுப்பாளராகவும் இருக்கும் பள்ளிகள் இன்றும் உண்டு. கடைசி பெஞ்சுக்கும் முறை வந்தால்தான் இந்த மன்றங்களுக்கு அர்த்தம்.

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி தாமல் ஏரிக்கரையையும் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். திரும்பி வரும் வழியில் ஒரு கேள்வியும் கேட்கலாம்: ‘உங்க ஸ்கூல்ல உனக்கு என்ன பொறுப்பு?’