எர்த்

டேஷ்போர்டு விளக்குகள் பாதையைக் காட்டுவதில்லை. கார் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை இருட்டில் படிக்க உதவுகின்றன, அவ்வளவுதான். அதனாலேயே அவை மினுக்க ஆரம்பித்தால் பலரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது சாத்தியமில்லை. அம்மா சென்னையில்தான் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். வாரத்தில் 2 நாள் விடிகாலை 4 மணிக்குச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கிளம்ப வேண்டும். சுமார் 75 கிலோமீட்டர். வண்டி பெட்ரோல் அம்பாஸிடர். மின்சாரம் அறுந்தால் பெட்ரோல் எஞ்சினில் பொறி இல்லை, பொறி இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை. விளக்கு சும்மா மினுக்குகிறதா, நடுவழியில் நிற்கப்போவதை முன்கூட்டிச் சொல்கிறதா என்று தெரிந்தாக வேண்டும்.

நெடுஞ்சாலையோரத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொன்னார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை. விளக்கு மினுக்கினால் ஆல்டர்னேட்டர் என்பது அங்கே ஒரு வாய்ப்பாடு. உத்தரபாரா ஆலை 2014 மே மாதத்தில் அம்பாஸிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய வண்டிக்காரன் எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்வான் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம்.

வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சந்தில் கொட்டகை போட்டிருக்கும் எலக்ட்ரீஷியன் வேறு மாதிரி. தறிக்காரக் குடும்பம். இவர் மட்டும் வயரிங் வேலைக்கு வந்துவிட்டார். வண்டியைத் தொடுமுன் கேட்டார்:

“ஹெட்லைட்டும் சேர்ந்து மினுக்குதா சார், இது மட்டுமா?”

“இது மட்டுந்தாண்ணே.”

“ஆக்ஸிலேட்டர் குடுத்தா மாறுதா, பள்ளத்துல எறங்கினா மாறுதா?”

“பள்ளத்துலதான்.”

இந்த இரண்டு கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. எல்லா விளக்கும் சேர்ந்து மங்கினால் பேட்டரி முனைகளையோ ஆல்டர்னேட்டரையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் சார்ஜிங். குலுங்கும்போது மட்டும் என்றால் எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. இருந்தாலும் மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். எஞ்சின் நிற்கையில் 12.6 வோல்ட், ஓடுகையில் 14. ஆல்டர்னேட்டர் நிரபராதி என்றாயிற்று. பிறகு இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். டேஷ்போர்டில் அதற்குரிய சின்ன விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் மற்றவை மங்கித் தெளிந்தன. “எர்த்” என்றார்.

காரில் மின்சாரம் போகிற வழிக்குத்தான் கம்பி. நிறம், ஃபியூஸ், சுவிட்ச் எல்லாம் அதற்கே. திரும்புகிற வழி பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்புதான். அங்கங்கே ஒரு ஸ்க்ரூ போட்டு வயரை உடம்போடு பிணைத்துவிடுகிறார்கள். அந்த ஸ்க்ரூவின் அடியில் துரு பிடித்தால், வயர் முனையின் செம்பு வளையத்தில் களிம்பு ஏறினால், திரும்பும் வழி குறுகிவிடுகிறது. அதே ஸ்க்ரூவை நம்பியிருக்கும் விளக்குகள் ஒன்றையொன்று மங்கவைக்கின்றன. ஆணவத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள் சைவ சித்தாந்திகள். அது போக அருள் வேண்டும். எலக்ட்ரீஷியனுக்கு உப்புத்தாள் போதுமாயிருந்தது.

ஆனால் தேய்ப்பதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். நீளமான வயர் ஒன்றின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை டேஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் வயரில் தொட்டார். மினுக்கல் நின்றது. எடுத்தார், வந்தது. ஓர் ஊகத்தை நிரூபிக்க இதைவிட எளிய வழி இருப்பதாகத் தெரியவில்லை.

அவருடைய அண்ணன் வீட்டுத் தறியில் இதைப் போன்ற ஒன்றைப் பார்த்திருக்கிறேன். சேலையில் கோடு விழுவது நெய்கிறவர் கண்ணெதிரில். இழை அறுந்திருப்பதோ அச்சுக்கு அப்பால், விழுதுகளுக்குப் பின்னே. துணியைத் தடவிப் பயனில்லை. விரல் பாவின் வழியே பின்னோக்கிப் போய் அறுந்த முனையைத் தேடிப் பிணைக்கிறது.

நம் விமர்சனத்தில் மண் என்ற சொல் மலிந்து கிடக்கிறது. காரின் எர்த் மண்ணைத் தொடுவதேயில்லை. நான்கு ரப்பர் சக்கரங்களின் மேல் நின்றுகொண்டு தன் உடம்பையே மண்ணாகப் பாவித்துக்கொள்கிறது. ஒரு கவிதை மினுக்கினால் ஒருவர் சொல்லை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் கவிஞனை மண்ணுக்குத் திரும்பச் சொல்கிறார். முன்னது பல்பை மாற்றுவது, பின்னது அளந்து பாராமல் ஆல்டர்னேட்டரை மாற்றுவது. புறப்பட்ட சொல் கவிதையின் உடம்புக்குள் எங்கே திரும்பிச் சேர வேண்டும், அந்த இணைப்பு எங்கே தளர்ந்தது என்று அளந்து பார்க்கிறவர்கள் குறைவு. அந்த இடம் பிரகாசிப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் துருவைத் தேய்த்து, புது வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினார். நான் 300 ரூபாய் நீட்டினேன். “தேய்ச்சதுக்கு எதுக்கு சார் இவ்ளோ?” என்று பாதியைத் திருப்பித் தந்தார். தேய்த்ததற்கு இல்லை, தேடியதற்கு என்றேன். அப்படி ஒரு கூலி இருப்பதாக அவர் கேள்விப்பட்டதில்லை.