கத்தரிக்கோலுக்கு அடங்காத கலகம்

பேய்ப்படங்களைத் தொகுக்கும் தொழிலில் இருப்பவனிடம் பயம் எங்கே பிறக்கிறது என்று கேட்பவர்கள், கதவு திறக்கும் கணத்தையோ இருட்டிலிருந்து ஒரு முகம் பாயும் கணத்தையோ நான் சுட்டிக் காட்டுவேன் என்றே எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் வதைக்கும் கதை மேசைக்கு வரும்போது, பயம் பேசுகிறவர் வாயில் இல்லை, கேட்கிறவர் முகத்தில் இருக்கிறது என்பதே என் அநுபவம். வசனம் ஓய்ந்த பிறகும் அந்த முகத்தின்மேல் 12 பிரேம்கள், அதாவது அரை விநாடி, கூடுதலாக நின்றால் போதும். 'இவளுக்கு என்ன நேர்ந்துவிட்டது?' என்ற சந்தேகம் ரசிகன் மனத்தில் தானாகவே புகுந்துவிடும். தொல்காப்பியர் அச்சத்துக்குச் சொன்ன காரணங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்குதான். ஒரே கூரையின்கீழ் வாழ்பவரை அவர் ஏனோ அதில் சேர்க்கவில்லை.

இந்த முறைக்கே இடம் கொடாத படம் ஒன்று உண்டு. போலந்து இயக்குநர் ஆன்ஜெய் ஜுவாவ்ஸ்கி மேற்கு பெர்லினில், நகரைப் பிளந்து நின்ற சுவரை ஒட்டிய வீதிகளில் எடுத்து, 1981-இல் வெளிவந்த 'பொஸெஷன்' அது. தம் முதல் படத்தின் நாயகியாகிய மவ்கொஜாதா ப்ரவுனெக்கோடு அவர் நடத்திய தாம்பத்தியம் முறிந்துபோயிற்று. பெரும் பிரயாசையோடு எடுத்துவந்த விஞ்ஞானக் கற்பனைப் படம் ஒன்றையும் 1977-இல் போலந்து அரசாங்கம் பாதியில் நிறுத்திவிட்டது. இவ்விரு காயங்களும் ஆறுமுன் எழுதப்பட்ட கதை என்பது படத்தின் ஒவ்வொரு அறையிலும் தெரிகிறது. சிற்றுண்டிச்சாலையில் தம்பதிகள் எதிரெதிரே உட்காராமல், மூலைச் சுவரின் இரு பக்கங்களில், முகம் முகத்தைச் சந்திக்காதபடி அமர்ந்து பிரிவினையைப் பேசுகிறார்கள். ப்ரூனோ நுய்ட்டனின் காமிராவோ அகன்ற லென்ஸோடு பாத்திரங்களைச் சுற்றிச் சுற்றி ஓடி, நான் இரண்டு துண்டுகளாக்கி ஒட்டியிருக்கக்கூடிய வாக்குவாதத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறது. சமையலறையில் மனைவி மின்சாரக் கத்தியைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொள்வதற்கு முன்பு நடக்கும் சம்பாஷணை அந்தக் கத்தியைவிட என்னை அதிகமாக நடுங்கவைப்பது. சுரங்க ரயில் நிலையத்தின் நடைபாதையில், மனைவியாக நடிக்கும் இசபெல் அட்ஜானி தனியாக ஆடித் தீர்க்கும் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அவ்வாண்டு கான் விழாவில் அவருக்குச் சிறந்த நடிகை விருது, 'குவார்ட்டெட்' படத்துக்கும் சேர்த்து, கிடைத்தது.

ஏறக்குறைய 124 நிமிஷம் ஓடும் இந்தப் படத்தை அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் 80 நிமிஷ அளவுக்குச் சுருக்கி, வரிசையையும் மாற்றி, அதில் வரும் ஜந்துவை முன்னிறுத்தும் வெறும் பேய்ப்படமாக்கினார்கள். ஒரு பாடமாகவே அந்தப் பிரதியைத் தொகுப்பாளர்கள் பார்க்கவேண்டும். நீக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி சண்டைகளே. நின்றதோ கார்லோ ராம்பால்டி செய்த ஜந்து. பிற்பாடு ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.'யைச் செய்து குழந்தைகளை உருகவைத்த அதே கைகள்தாம் இதையும் செய்தன என்றாலும், எந்தக் கலகத்தின் வயிற்றிலிருந்து அது பிறந்தது என்று தெரியாமல் பார்க்கும்போது, ரப்பரும் பசையும்தான் கண்ணில் படுகின்றன. அருவருப்பு மட்டும் மிஞ்சுகிறது, பயம் வருவதில்லை.

என் மேசைக்கும் இதே வெட்டுக்கான கோரிக்கைதான் வருகிறது. சொந்தப் பணத்தைப் போட்டுச் சிறிய படம் எடுப்பவர்கள், நகரத்துத் தம்பதிகளின் வீட்டையே பேய்க்கதைக்குத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனமும் உண்டு: இரண்டு நடிகர்கள், ஒரு வாடகை வீடு, இரவெல்லாம் எரியும் ஒரு சமையலறை விளக்கு, கடைசியில் வரும் ஒரு ஜந்து, இவ்வளவே மூலதனம். இருந்தும், முதல் பிரதியைப் பார்த்த தயாரிப்பாளர் தவறாமல் சொல்வது, "லெங்த் ஜாஸ்தி சார், அந்தச் சண்டைகளைக் கொஞ்சம் குறைச்சிடுங்க" என்பதுதான். சண்டையைத் தொடாமல் ஜந்து வரும் காட்சிகளில் பாதியை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னால் அவர் முகம் வாடிப்போகிறது. படத்தில் செலவென்று ஒன்று ஆனதே அந்த ஜந்துவுக்குத்தானே!