பூஜையறையில் ஒரு சந்தனக் கட்டை

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் மகள் வயிற்றுப் பேரன் நோட்டும் பேனாவுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். போராலும் ஆயுத மோதலாலும் இயற்கை சீரழிவதைத் தடுக்க ஐ.நா. சபை 2001-ல் ஒரு நாளை அறிவித்தது. அது நவம்பர் 6. அதற்காகப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வியட்நாம் காடுகளின் மேல் அமெரிக்க விமானங்கள் களைக்கொல்லி தெளித்தது, 1991-ல் குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்தது எல்லாம் அவனே தேடி எழுதிவிட்டான். கடைசிக் கேள்வியில்தான் நின்றுவிட்டான். 'உங்கள் பகுதியில் நடந்த ஒன்றை எழுதுக.'

"நம்மூர்ல போரே நடக்கலையே அப்பிச்சி, என்னத்தை எழுதறது?"

"நடந்துச்சு கண்ணு" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1994-ல் தாளவாடி மலையில் ஓர் அரசுப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியராகப் போனேன். சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, பண்ணாரி தாண்டி, திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். ஆசனூர் வந்தால் குளிர் அடிக்கும். அந்தக் காலத்தில் அந்த வழியில் போகிற யாரும் சத்தமாகப் பேச மாட்டார்கள். 1991-ல் வன அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டிருந்தார். 1993 ஏப்ரலில் பாலாறு பக்கம் கண்ணிவெடியில் 22 பேர் செத்திருந்தார்கள். காட்டுக்குள் ஒரு பக்கம் வீரப்பன் ஆட்கள், மறுபக்கம் இரண்டு மாநிலத்துப் படைகள். நடுவில் சோளகர்களும் ஊராளிகளும் மற்ற மலைக் குடிகளும். அவர்கள் பிள்ளைகள்தான் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டாம் வகுப்பில் ஒட்டுண்ணித் தாவரங்கள் பற்றிப் பாடம் நடத்தும்போது சந்தன மரத்தைத்தான் உதாரணம் சொல்வேன். அது தனியாக நின்று பிழைக்காது. பக்கத்து மரஞ்செடிகளின் வேரில் தன் வேரை ஒட்டவைத்து நீரும் சத்தும் வாங்கிக்கொள்ளும். வாசம் இருப்பது வைரம் பாய்ந்த நடுக்கட்டையில். அது வைரம் பாயப் பல வருடம் ஆகும். வேரில் எண்ணெய் அதிகம் என்பதால், சந்தனம் எடுப்பவர்கள் மற்ற மரம்போல அடியில் வெட்டுவதில்லை, வேரோடு தோண்டுவார்கள். இதையெல்லாம் போர்டில் படம் போட்டு விளக்கிய அதே வாத்தியார்தான் இப்போது சொல்லப்போகும் காரியத்தைச் செய்தவன்.

1996 தை மாதம் கோபியில் எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அம்மா சொன்னார்: "மலையிலதானே சாமி இருக்கற, நல்ல சந்தனக் கட்டையா ஒண்ணு கெடைச்சாக் கொண்டா. கடையில விக்கறது பூராம் மரத்தூளு." அம்மா கேட்டதில் தப்பு சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் சந்தனம் இல்லாமல் எந்த விசேஷம் நடந்திருக்கிறது? சீர் தட்டில் சந்தனம், வரவேற்பில் சந்தனம், மொட்டை போட்டால் தலைக்குச் சந்தனம், கடைசியில் பாடையிலும் சந்தனம்.

உதவித்தொகைக் கையெழுத்துக்காகப் பள்ளிக்கு வந்த ஒரு பையனின் அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் முகம் ஒரு நிமிடம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும், "இருந்தாப் பாருங்க, இல்லைன்னா வேண்டாம்" என்றேன். வாத்தியார் அப்படிச் சொன்னால் அவர்களுக்கு 'வேண்டாம்' காதில் விழாது. அது எனக்கும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து, இருட்டுகிற நேரத்தில் பையன் என் அறைக்கு வந்தான். பழைய துண்டில் சுற்றிய ஒரு முழம் கட்டை. "அப்பா குடுத்துட்டு வரச் சொன்னாருங்க மேஷ்ட்ரே." இருபது ரூபாய் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றான். சட்டைப் பையில் திணித்து அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை மஞ்சப்பையில் கட்டையை அடியில் வைத்து, மேலே அரைப்பரீட்சை விடைத்தாள்களை அடுக்கி, பஸ் ஏறினேன். மலை இறங்கும் வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு வயதான அம்மாவின் மூட்டையை அவிழ்த்துக் கொட்ட, ராகியும் கிழங்கும் ரோட்டில் சிதறின. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து பொறுக்கினார். என் முறை வந்தபோது விடைத்தாளைப் பார்த்துவிட்டு, "வாத்தியாருங்களா? நீங்க போய் உக்காருங்க சார்" என்றார்கள். போய் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது முதல் பெஞ்சுப் பெண் ஒன்று மோந்து பார்த்து, "சார், பேப்பர் கோயில் மாதிரி மணக்குது" என்றது. வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் மட்டும் சிரிக்கவில்லை.

கோடை விடுமுறை முடிந்து அவன் பள்ளிக்கு வரவில்லை. அவன் அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிப் போனார்கள், மாதக்கணக்கில் வீடு திரும்பவில்லை, வந்தபோது வலது கையைத் தூக்க முடியவில்லை என்று மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். எதற்காக, யாரிடம் என்று நான் கேட்கவில்லை. என் கட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்தான். அவர் நல்ல மனுசர் என்று ஒரு தாளில் எழுதி எங்காவது கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. 1999-ல் மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

2004 அக்டோபர் 18-ம் தேதி பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பன் கொல்லப்பட்டார். டி.வி.யில் பார்த்துவிட்டு எல்லாரும் 'முடிந்தது' என்றோம். அவர் யானைகளைக் கொன்றதும் மரங்களைக் கடத்தியதும் மனிதர்களைக் கொன்றதும் மறைக்க முடியாத குற்றங்கள். ஆனால் அந்தத் தந்தம் பொம்மையாகவும் வளையலாகவும் யார் வீட்டு அலமாரியில் போய் நின்றது? அந்தச் சந்தனம் யார் நெற்றியில் போய் உட்கார்ந்தது? காட்டில் இருந்தவன் அதைத் தின்னவில்லை. வாங்க ஆள் இருந்ததால்தான் வெட்ட ஆள் வந்தான், வெட்டுகிறவனைப் பிடிக்கத் துப்பாக்கி வந்தது, இரண்டு துப்பாக்கிக்கும் நடுவில் மலைச் சனம் மாட்டிக்கொண்டது. தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று போய் அந்த ஊரையே சூறையாடினார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். 2011-ல் கோர்ட் தண்டனை கொடுத்தது. 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒரு வாசமுள்ள கட்டைக்காக நடந்தது இது.

காட்டுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நம் ஆசிய யானைகளில் ஆணுக்குத்தான் தந்தம். அதனால் தந்த வேட்டை என்றால் ஆண் யானை வேட்டை. கூட்டத்தில் ஆண் குறைந்தால் அடுத்த தலைமுறையே ஆட்டம் காணும். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டு உள்நாட்டுப் போரில் (1977-1992) கொரங்கோசா பூங்காவின் யானைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. அங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு. தந்தமில்லாமல் பிறந்த பெண் யானைகளே அதிகம் தப்பிப் பிழைத்ததால், போருக்குப் பின் தந்தமில்லாத பெண் யானைகள் பெருகிவிட்டன என்று 2021-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். துப்பாக்கி ஒரு உயிரினத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது.

"வீரப்பன் இருந்தவரைக்கும் காடு பத்திரமா இருந்துச்சு" என்று டீக்கடையில் இன்றும் சொல்வார்கள். பாதி உண்மை. பயத்தில் வெளியாட்கள் உள்ளே போகவில்லை. ஆனால் போனதில் தந்த யானையும் சந்தன மரமும் சேர்த்தி. 2013-ல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமானது, 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். புலிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆனதற்காக 2022-ல் சர்வதேச விருதும் கிடைத்தது. சந்தோஷம்தான். புலி சீக்கிரம் குட்டி போட்டுப் பெருகும். வைரம் பாய்ந்த சந்தன மரம் அப்படிப் பெருகாது.

வழக்கம் என்றாலே கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. ஈரோடு பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஏரியில் அடையும் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர்க்காரர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். தாளவாடிக்கு அந்தாண்டை, பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் முன்பு தரையில் கிடக்கும் சருகுக்குப் பருவம் பார்த்துச் சிறு தீ வைப்பார்கள். அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் சொல்வது. நம்ம பண்ணாரி மாரியம்மன் கோயிலில் என்ன பிரசாதம்? திருநீறு இல்லை, புற்று மண். காட்டோரம் இருக்கிற ஆத்தா மண்ணைத்தான் நெற்றிக்குக் கொடுக்கிறாள். வருசா வருசம் குண்டத்துக்குப் போய் அந்த மண்ணை வைத்துக்கொண்டு வந்தவன்தான் நான். ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அந்தக் கட்டை இன்னும் என் வீட்டுப் பூஜையறையில் இருக்கிறது. அம்மா காலமாகும்வரை அதில்தான் உரசினார். பாதி தேய்ந்துவிட்டது. நேற்றுப் பேரனைக் கூப்பிட்டு, கட்டையைக் கையில் கொடுத்து, முழுக்கதையும் சொன்னேன். கடைசியில், "நீங்க மாட்டிக்கலையா அப்பிச்சி?" என்றான். "இல்ல கண்ணு, என் பையை யாரும் பார்க்கல" என்றேன். கட்டுரையில் இதை எழுதலாமா என்று கேட்டான். தாராளமாக எழுது, பேரையும் போடு என்றேன்.

அந்த மலைப் பள்ளியில் 1995-96-ல் எட்டாம் வகுப்புப் படித்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். பெயரைக் கீழே பொதுவில் போட வேண்டாம். அவன் எங்கே இருக்கிறான், அப்பா இருக்கிறாரா என்று தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். கையில் பணத்தைத் திணிக்க இல்லை. இருபத்தெட்டு வருடம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நேரில் போய்க் கேட்க வேண்டும். இந்த முழங்காலோடு 27 வளைவும் ஏறிவிடுவேன்.

மற்றவர்களுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த விசேஷத்துக்குச் சந்தனம் வாங்கும்போது, இது எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன்.

எல்லாரும் நல்லா இருங்க.

உங்கள் அறிவியல் வாத்தியார்