பெட்டியும் தாங்கியும்

மோட்டார் சைக்கிளுக்குப் பெட்டி பூட்டுவோர் முதலிற் பார்ப்பது நிறத்தையும் பூட்டையுமே. அது அமரும் இடத்தையன்றோ பார்க்கவேண்டும்! துலாவின் அடிமரத்தை நோக்கி ஆள் நடக்க நுனி மேலெழுவதுபோல, பின்னச்சுக்கு அப்பால் ஏற்றிய சுமை முன்சில்லை இலேசாக்கிவிடும். வளைவுகளில் ஹாண்டில் தடுமாறும். பெரிய பெட்டியாயின் வல்லை வெளிக் காற்றுக்கு அது பாயாகவும் ஆகும்.

எனக்கு வேண்டியது மார்கழி மழையில் மாணவர் விடைத்தாள்களை நனையாது கொண்டுசெல்லும் சிறு பெட்டியொன்றே. வெல்டிங் கடைக்காரர் தாங்கியை மட்காட்டில் ஒட்டித் தருவதாகச் சொன்னார். நான் இசையவில்லை. தகடு குலுக்கலில் வெடிக்கும். சுமை சட்டத்தையே சேரவேண்டும்.

இப்பிடிவாதத்தை எனக்குக் கற்பித்தது பழைய சைக்கிள் கரியர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருள் தடை வந்தது. குடாநாட்டின் விறகும் நெல்லும் கரியரிலேயே சென்றன, நோயாளரும் அவ்வாறே. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்திரளினூடே தந்தையார் சைக்கிளை உருட்ட, கரியரில் அப்பாச்சி அமர்ந்திருந்தார். பதினைந்து வயதினனாகிய நான் அவர் முதுகைத் தாங்கி நடந்தேன். அக்கரியரின் கால்கள் நேரே அச்சில் இறங்கிப் பூட்டப்பட்டிருந்தன. அதனாலேயே அது வளையவில்லை. அப்பாச்சி ஊர் திரும்பவில்லை.

மோட்டார் சைக்கிளில் அச்சு மேலும் கீழும் ஆடுமாதலால் அங்ஙனம் செய்ய இயலாது. சொக் அப்சோபரின் மேலாணி சட்டத்தைப் பற்றும் இடத்தில் தாங்கியின் கால்களைப் பூட்டுவித்து, பெட்டியை இருக்கைக்கு நெருக்கமாக வைப்பித்தேன். அம்மா வந்து தாங்கியை அழுத்திப் பார்த்து, "இதிலை ஒரு ஆள் இருக்கலாமோ?" என்று கேட்டார். விடைத்தாளுக்குத்தான் என்றேன். சில நாள் ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். குலுக்கலில் அவை தளர்வதுண்டு.