இடது கால்

என் இடது முழங்கால் ஒரு விபத்துக்குப் பிறகு கிளட்ச் மிதிக்க மறுத்துவிட்டது. ஆகவே, ஏற்கெனவே ஒருவர் ஓட்டித் தேய்த்த ஆட்டோமாடிக் கார் ஒன்றை வாங்கினேன். கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். நமக்கு வலது கால் போதும். திண்டுக்கல்லில் வீட்டோடு கிடந்தவன், அதற்குப் பிறகுதான் சித்தையன்கோட்டையில் இருக்கும் அக்காவை மாதம் ஒரு தடவையாவது பார்க்கப் போய்வந்தேன். அக்கா என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்கு அவள்தான் அம்மா.

சென்ற சித்திரையில் அந்தக் காருக்குக் கோளாறு கண்டது. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்தால், ஒன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது முதுகில் யாரோ உதைத்தாற்போல ஒரு குலுக்கல். ஏ.சி.யை நிறுத்தினால் சற்று நேரத்தில் பரம சாதுவாகிவிடும். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். "கியர்பாக்ஸ் போயாச்சு, சார். மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். என் நாவல்கள் எல்லாம் சேர்ந்தும் அந்தத் தொகையைச் சம்பாதித்ததில்லை. "ஏ.சி. போட்டால்தானே வருகிறது?" என்று கேட்டுப் பார்த்தேன். "அது வேறே, இது வேறே" என்றார்கள்.

விற்றுவிடுவதென்று தீர்மானித்து, கடைசித் தடவையாக அக்காவிடம் புறப்பட்டேன். செம்பட்டியில் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்தபோது நாலு உதை வாங்கினேன். அப்புறம் நெல்வயலும் தென்னந்தோப்புமாக நல்ல காற்று. வண்டியும் நல்ல பிள்ளையாக நடந்தது. விஷயத்தைக் கேட்ட அக்கா, நாலு வீடு தள்ளியிருந்த பட்டறைக்குக் குரல் கொடுத்தாள்: "பாய், தம்பி வண்டியைக் கொஞ்சம் பாருங்க!"

டிராக்டர் பார்க்கிறவருக்கு இது என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். வெட்கத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

"ஏ.சி. போட்ட உடனே உதைக்குதா, அரை மணி கழிச்சா?" என்று கேட்டார் பாய். அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி.

"அரை மணி கழித்துத்தான்."

"ஓடும்போதா, ஊரும்போதா?"

"ஊரும்போது."

"அப்ப சூடு, சார்."

போட்ட உடனே உதைத்தால் அது வேறு ஜாதி நோயாம். கம்ப்ரஸரை பெல்ட் போட்டு எஞ்சின்தான் சுழற்றுகிறது. அந்தப் பாரம் திடீரென்று ஏறும்போது எஞ்சின் தடுமாறும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் நைந்திருந்தால், அந்த ஆட்டம் கியர் உதைப்பது போலவே தோன்றும்.

இந்த இரண்டு சொகுசுகளுமே ஒரே காலத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் 1940ஆம் வருஷத்து மாடலாகத்தான் ஓல்ட்ஸ்மொபில் தானியங்கிக் கியரும், பாக்கார்டு குளிர்சாதனமும் வந்தன. பாக்கார்டில் குளிரை நிறுத்தவேண்டுமென்றால், இறங்கி பானெட்டைத் திறந்து கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்றவேண்டும். இதைச் சொன்னதும் பாய் சிரித்தார். "நல்ல பழக்கம், சார். அதுக்காகவாவது பானெட்டைத் திறந்து பாத்தாங்களே!"

வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டு, ஒரு சிறு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினார். கியர் எண்ணெயின் சூடு அவர் செல்போனில் தெரிந்தது. 88 டிகிரியிலிருந்து மெல்ல ஏறி 118க்கு வந்தது. பிறகு முன்பக்கம் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு விசிறிகளில் ஒன்று சும்மா நின்றுகொண்டிருந்தது.

உள்ளேயிருந்து எடுக்கிற வெப்பத்தை ஏ.சி. முன்னாலுள்ள கண்டென்ஸரில் கொட்டுகிறது. அதன் பின்னால் ரேடியேட்டர். என் காரில் கியர் எண்ணெயை ஆற்றும் குழாயும் அதற்குள்தான். ஓடும்போது காற்று வந்து காப்பாற்றும்; நின்றால் விசிறிதான் கதி. அது நின்றுபோனால் எண்ணெய் கொதித்து நீர்த்து, அழுத்தம் குறைந்து, உள்ளே பட்டைகள் வழுக்கிப் பிறகு வெடுக்கென்று பிடிக்கும். மற்ற விசிறி எஞ்சினைக் காப்பாற்றி வந்ததால், சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்று என்னை ஏமாற்றியிருக்கிறது.

விசிறி மோட்டாரின் வயர் முனை உருகிப்போயிருந்தது. மறுநாள் வேறு மோட்டார் வந்தது, எண்ணெயையும் மாற்றினார். பழையதை விரலில் தொட்டு முகர்ந்தார். "கருகல் வாசம் வரல்லே. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா அவங்க சொன்னது பலிச்சிருக்கும்" என்றார்.

சாயங்காலம் அக்கா முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆத்தூர் அணை வரை போய்வரலாம் என்றாள். கடைத்தெருவில் ஒரு லாரிக்குப் பின்னால் வெகுநேரம் ஊர்ந்தோம். ஓர் உதை இல்லை. பெருமையோடு ஏ.சி.யை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

"அதை அமத்திட்டு ஜன்னலைத் தெறடா" என்றாள் அக்கா. "எனக்கு இந்தக் குளிர் ஆகாது."